வெப்பமான கடற்கரையில் கேம்பர் வேன் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேனிலேயே படுத்து, வேனிலேயே சமைத்து, கடலோரமாக நாள் கணக்கில் போகும் பயணத்துக்கு முதன்முறையாகக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. கேம்பர் வேன் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர்ப் பிரதேசங்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அங்கே குளிர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது வேலை. வெப்பமான கடற்கரையிலோ காற்றை உள்ளே வரவழைப்பதுதான் வேலை. கீழே பல பதில்கள் சுற்றிச் சுற்றிக் காற்றிடமே வந்து நிற்கும். அனுபவம் அப்படித்தான் கற்றுக்கொடுத்தது.

பெரிய மோட்டார் ஹோம் எடுப்பதா, சிறிய வேன் போதுமா?

இரண்டு பேர் என்றால் சிறிய வேன் போதும். கடலோரச் சாலைகள் பல இடங்களில் குறுகலானவை. கரையோர வாகன நிறுத்தங்களின் நுழைவாயிலில் உயரத் தடுப்புக் கம்பி இருக்கும். மரக்கிளைகளும் தாழ்ந்து தொங்கும். எந்த வண்டியாக இருந்தாலும் அதன் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். கூரையில் விசிறியும் சோலார் பேனலும் இருந்தால் அவற்றையும் சேர்த்து அளக்க வேண்டும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இடம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் கடற்கரையில் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வேனுக்கு வெளியேதான் கழியும். பெரிய வண்டிக்குப் பதிலாக ஆனிங் எனப்படும் பக்கவாட்டுப் பந்தல் உள்ள நடுத்தர வேனை எடுத்தால், அந்த நிழலே ஓர் அறையாகிவிடும்.

இரவில் புழுக்கமாக இருக்காதா? எப்படித் தூங்குவது?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் முதல் பயணத்தில் கடலுக்கு மிக அருகே, ஒரு மணல்மேட்டை ஒட்டி வேனை நிறுத்தினோம். மாலையில் கடலிலிருந்து அருமையான காற்று. சன்னல்களை எல்லாம் கடல் பக்கம் திறந்து வைத்துவிட்டு, இனி கவலையில்லை என்று படுத்தோம். பதினொரு மணிக்குக் காற்று நின்றது. இரண்டு மணிக்கு விரிப்பு முழுக்க வியர்வை. கடைசியில் வேனை எடுத்துத் திறந்த வெளியில் நிறுத்திய பிறகுதான் கண் மூட முடிந்தது.

நடந்தது என்னவென்று பிறகு புரிந்தது. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் இது தலைகீழாகி, நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுகிறது. இந்த நிலக்காற்று கடற்காற்றைவிட மெலிவானது. நாங்கள் அந்த மெல்லிய காற்று வரும் பக்கத்தில் மணல்மேட்டை முட்டுக்கொடுத்து அடைத்திருந்தோம். எனவே வண்டியை நிறுத்தும்போது மாலைக் காற்றை மட்டும் பார்க்காதீர்கள். நிலப் பக்கமும் திறப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மதில், கட்டடம், அடர்ந்த புதர் இருந்தால் தள்ளிப் போங்கள்.

அடுத்தது கூரை விசிறி. உள்காற்றை வெளியே தள்ளும்படி அதை வைத்துவிட்டு, படுக்கைக்கு அருகே தாழ்வாக உள்ள ஒரே ஒரு சன்னலைத் திறங்கள். எல்லாச் சன்னல்களையும் திறந்தால் விசிறிக்குப் பக்கத்துத் திறப்பிலிருந்தே காற்று வந்து அப்படியே போய்விடும். உங்கள் மேல் படாது. ஒரே சன்னல் என்றால் அந்த இழுவை முழுவதும் படுக்கையைத் தாண்டித்தான் போக வேண்டும். விசிறி மெதுவான வேகத்தில் ஒரு ஆம்பியர் அளவே எடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு எட்டு ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) மட்டும்தான், சிறிய பேட்டரிகூடத் தாங்கும்.

பகலில் ஏறும் சூட்டைக் குறைப்பதும் இதில் அடங்கும். கண்ணாடிக்கு வெளிப்புறம் போடும் வெயில் மறைப்பு, உள்ளே போடுவதைவிட நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வெப்பம் கண்ணாடியைக் கடந்து உள்ளே வருவதற்கு முன்பே அதைத் தடுக்கிறது. வெள்ளைக் கூரை உள்ள வண்டி கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலரை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். வறண்ட பகுதியில் அது நன்றாகக் குளிர்விக்கும். ஈரப்பதம் நிறைந்த கடலோரக் காற்றில் தண்ணீர் ஆவியாக இடமே இல்லை. வேனுக்குள் ஈரம் கூடுவதுதான் மிச்சம்.

ஏசி போட்டுக்கொண்டால் முடிந்தது அல்லவா?

முகாம் தளத்தில் மின் இணைப்பு இருந்தால் சரி. பேட்டரியில் என்றால் கணக்கைப் பாருங்கள். கூரை ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1,300 வாட் இழுக்கும். 100 ஆம்பியர் அவர் கொள்ளளவுள்ள 12 வோல்ட் லித்தியம் பேட்டரியில் மொத்தமே 1,280 வாட் அவர் அளவுதான் இருக்கும். ஒரு மணி நேரம்கூட ஓடாது. சிறிய குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் கூட வந்தால் மின் இணைப்புள்ள இடத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மற்றவர்கள் விசிறியோடு பழகிவிடலாம்.

நிழலில் நிறுத்தினால் சோலார் வேலை செய்யாது, வெயிலில் நிறுத்தினால் வேன் அடுப்பாகிறது. என்ன செய்வது?

நிழலைத் தேர்ந்தெடுங்கள். கூரையில் உள்ள பேனலோடு, மடித்து எடுத்துப்போகும் பேனல் ஒன்றையும் வைத்துக்கொண்டு, நீளமான கம்பியால் இணைத்து அதை மட்டும் வெயிலில் வைக்கலாம். சோலார் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. பேனலில் எழுதியிருக்கும் வாட் அளவு 25 டிகிரி செல்சியஸில் சோதித்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். கூரையோடு ஒட்டிய பேனல் 65 டிகிரிக்குப் போனால் ஏழில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். அடியில் காற்றுப் புகுமாறு சாய்த்து வைத்த பேனல் இதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்.

பேட்டரி ஈய அமில வகையாக இருந்தால் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சூட்டில் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். பேட்டரிப் பெட்டிக்கும் காற்றோட்டம் வேண்டும்.

ஃப்ரிட்ஜ் எது நல்லது?

கம்ப்ரசர் வகை. எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் சத்தமில்லாதது என்பது உண்மைதான். ஆனால் வெளிவெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் திணறும், வண்டி சமமாக நிற்காவிட்டாலும் திணறும். ஃப்ரிட்ஜின் பின்புற வெப்பம் வெளியேறும் துளைகள் உள்ள பக்கத்தை மதிய வெயிலுக்குக் காட்டாமல் நிறுத்துங்கள்.

முகாம் தளத்தில் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். இருட்டிய பின் போனால் கிடைத்த இடத்தில் நிறுத்திவிட்டு, காலையில் எழுந்து பார்த்துத்தான் வருத்தப்பட வேண்டியிருக்கும்.

நான் முதலில் வண்டியிலிருந்து இறங்கி வெறுமனே ஒரு சுற்று நடப்பேன். மேலே பார்ப்பேன்: தென்னை மரத்தடி கூடவே கூடாது. தேங்காயும் மட்டையும் விழும். காய்ந்த கிளை உள்ள பெரிய மரங்களும் அப்படித்தான். பிறகு கீழே பார்ப்பேன்: சுற்றிலும் உள்ளதைவிடத் தாழ்ந்த இடத்தில் ஒரு மழைக்கே தண்ணீர் தேங்கும். அப்புறம் கிழக்கு எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். காலை ஆறரைக்கே வெயில் நேராகப் படுக்கையில் விழும் இடத்தில் எவ்வளவு நல்ல இரவும் சீக்கிரம் முடிந்துவிடும். பந்தலை மேற்குப் பக்கம் விரிக்க முடிந்தால் பிற்பகல் வெயிலிலிருந்து தப்பிக்கலாம்.

கடலை ஒட்டிய முதல் வரிசைக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். நான் இரண்டாவது, மூன்றாவது வரிசையையே விரும்புகிறேன். காற்று வருகிறது, ஆனால் உப்புத் தூறலும் மணலும் குறைவு. கடலுக்கு நடந்து போக இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கழிவறைக்கு மிக அருகில் வேண்டாம். இரவு முழுக்க விளக்கும் கதவுச் சத்தமும் இருக்கும்.

மின் இணைப்பு, முழு இணைப்பு, இணைப்பில்லாத இடம் என்கிறார்களே?

முழு இணைப்பு என்றால் மின்சாரம், தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வாய் மூன்றும் உங்கள் இடத்திலேயே இருக்கும். மின் இணைப்பிடத்தில் கரண்ட் மட்டும். இணைப்பில்லாத இடத்தில் நிறுத்த நிலம் மட்டுமே.

மின் பெட்டியில் எத்தனை ஆம்பியர் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் 6, 10, 16 ஆம்பியர் வரும், ஆஸ்திரேலியாவில் 15, வட அமெரிக்காவில் 30 அல்லது 50. 6 ஆம்பியர் இணைப்பில் ஏசியும் மின் கெட்டிலும் ஒன்றாக ஓடினால் பெட்டி அணைந்துவிடும். இன்னொன்று முக்கியம்: சுருளில் சுற்றிய கம்பியை முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுற்றிய நிலையிலேயே அதிகச் சுமை ஓடினால் கம்பி சூடேறி உருகும்.

கரையோரத்தில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாமா?

இல்லை. விதி நாட்டுக்கு நாடு, சில இடங்களில் ஊராட்சிக்கு ஊராட்சி மாறும். பகலில் நிறுத்த அனுமதிக்கும் இடத்தில் இரவில் தங்கத் தடை இருக்கலாம். பலகையைப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். அனுமதி உள்ள இடத்திலும் நாற்காலி, பந்தல், துணிக்கொடி என்று பரப்பாமல் ஓர் இரவு தங்கி, குப்பை ஒன்றுகூட விடாமல் கிளம்புவதுதான் மரியாதை. தடைப் பலகைகள் பல, முன்பு வந்தவர்கள் விட்டுப்போன குப்பையால் முளைத்தவை. அடுத்து வருபவருக்கு அந்த இடம் திறந்திருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

வெயிலில் ஒருவருக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு மூன்று, நான்கு லிட்டர் ஆகும். சமையல், பாத்திரம், சிக்கனமான குளியல் சேர்த்து ஒருவருக்கு 15 லிட்டர் என்று நான் கணக்கு வைப்பேன். 100 லிட்டர் தொட்டி இருவருக்கு மூன்று நாள். அந்தத் தண்ணீர் நூறு கிலோ எடை என்பதை ஓட்டும்போது மறக்க வேண்டாம்.

குடிநீரைத் தனிக் கேனில் வையுங்கள். வேனின் தொட்டி வெயிலில் வெதுவெதுப்பாகிவிடும். லெஜியோனெல்லா என்னும் நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில்தான் பெருகுகிறது. ஷவரின் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதால் அது பரவும். பல நாள் நிறுத்தி வைத்த வேனை எடுத்தால் பழைய தண்ணீரை முழுவதும் வடித்து, தொட்டியையும் குழாய்களையும் கிருமிநாசினி போட்டு அலசிவிட்டு நிரப்புங்கள். வாடகை வேனாக இருந்தால் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேட்பதில் கூச்சப்படாதீர்கள்.

கழிவறைத் தொட்டி நாற்றம்?

கேசட் வகைத் தொட்டி (தனியே கழற்றி எடுத்துப்போய்க் காலி செய்வது) பெரும்பாலும் 17 முதல் 20 லிட்டர் பிடிக்கும், இருவருக்கு இரண்டு மூன்று நாள். வெயிலில் மூன்றாவது நாள் வரை காத்திராமல் இரண்டாம் நாளே காலி செய்யுங்கள். அதற்கென்று உள்ள கழிவுநீர் வாயில் மட்டும் ஊற்றுங்கள். மணலில் குழி தோண்டி ஊற்றினால் அது நிலத்தடி நீருக்கும் கடலுக்கும்தான் போகும். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்துகள், தளத்தின் கழிவுத் தொட்டியிலுள்ள நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். என்சைம் வகை கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பாத்திரம் கழுவிய நீரையும் கண்ட இடத்தில் திறந்துவிடக் கூடாது.

கொசுவுக்கும் பூச்சிக்கும் என்ன வழி?

கொசுவலை போட்ட பிறகும் கடிக்கிறதே என்று சிலர் குழம்புவார்கள். சதுப்பு நிலம், அலையாத்திக் காடு, காயல் இருக்கும் இடங்களில் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள கடிக்கும் சிற்றீக்கள் உண்டு. சாதாரணக் கொசுவலையின் கண்ணில் அவை நுழைந்துவிடும். நெருக்கமான வலை வேண்டும். ஆனால் இவை பறப்பதில் மிகவும் பலவீனமானவை. படுக்கைக்கு நேராக ஒரு சிறிய மேசை விசிறி ஓடினாலே நெருங்க முடியாது. காற்றுள்ள இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, குறிப்பாகக் காலையிலும் சாயங்காலத்துக்கு முன்பும். இரவுக்கு மட்டும் தயாராகி, பகலில் கையில்லாச் சட்டையோடு பந்தலடியில் உட்கார்ந்திருப்பது தவறு. டீட் (DEET) என்னும் வேதிப்பொருள் கலந்த, தோலில் தடவும் கொசுவிரட்டி நன்றாக வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மூக்குக் கண்ணாடியிலும் வேனின் உட்புறப் பூச்சிலும் படாமல் பாருங்கள்.

மணலில் ஓட்டலாமா?

நான்கு சக்கர இயக்கம் இல்லாத கேம்பர் வேனா? வேண்டாம். கரையின் ஓரத்தில் இறுகி இருப்பதுபோல் தெரியும் மணலும் மூன்று டன் எடைக்கு விட்டுக்கொடுத்துவிடும்.

அனுமதியும் தகுந்த வண்டியும் இருந்தால், இறங்கும் முன் டயரில் காற்றைக் கணிசமாகக் குறைக்க வேண்டும். டயர் நீண்டு படுத்து, எடை பரவும். எவ்வளவு என்பது வண்டியின் எடையைப் பொறுத்தது, உங்கள் வண்டிக்கான அளவை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்பக் கையில் கம்ப்ரசர் இல்லையென்றால் காற்றை இறக்கவே கூடாது. காற்றுக் குறைந்த டயரோடு வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும்.

சிக்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் புதையும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை அள்ளி, பலகை வைத்து, வந்த தடத்திலேயே மெல்லப் பின்னால் எடுங்கள். ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தை, பார்க்காமல் இறங்குவது இன்னும் ஆபத்து. பெரும்பாலான கரைகளில் ஏறி முடிந்த நீர் முழுக்க இறங்கி முடிய ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அடுத்த நாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வழக்கத்தைவிட மேலேறும். காய்ந்த கடற்பாசியும் குச்சிகளும் வரிசையாகக் கிடக்கும் கோடுதான் கடைசி ஏற்றம் தொட்ட இடம். அதற்குக் கீழே வண்டியை விட்டுவிட்டுக் குளிக்கப் போகக் கூடாது.

கடலோரத்தில் ஆமைகள் முட்டையிடுமாமே, நம்மால் தொந்தரவா?

ஆம், உண்மையான தொந்தரவு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுவே கடல் என்று நடக்கும். உங்கள் வேனின் பந்தல் விளக்கு அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். முட்டையிடும் காலத்தில் கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்து, திரையை இழுத்துவிடுங்கள். தேவைப்பட்டால் மங்கலான சிவப்பு விளக்கு. டயர் தடம்கூடக் குஞ்சுகளுக்கு ஏற முடியாத பள்ளம்தான். மணல்மேட்டுச் செடிகளை மிதிக்காமல் போட்டிருக்கும் நடைபாதையிலேயே போங்கள். அந்த வேர்கள்தான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன.

இடியும் புயலும் வந்தால் வேனுக்குள் இருப்பது பாதுகாப்பா?

மின்னலுக்கு, முழு உலோக உடல் உள்ள வேன் நல்ல அடைக்கலம். மின்சாரம் வெளித்தகட்டின் வழியே தரைக்குப் போய்விடும். கண்ணாடியிழை உடலும், மேலே தூக்கும் துணிக் கூரையும் அந்தப் பாதுகாப்பைத் தராது. இடி நெருங்கும் முன்பே தளத்தின் மின் கம்பியைக் கழற்றிவிட்டு, உள்ளே உலோகத்தைத் தொடாமல் இருங்கள்.

காற்று வலுத்தால் முதலில் பந்தலைச் சுருட்டுங்கள். வெளியே போகும்போதும், படுக்கும் முன்பும் சுருட்டிவிடுவது நல்ல பழக்கம். புயல் எச்சரிக்கை வந்தால் வேனில் தாக்குப்பிடிக்கலாமா என்ற யோசனையே வேண்டாம், நேரத்தோடு உள்நாட்டுக்குப் போங்கள். புயலின்போது பலரைக் கொல்வது காற்றைவிட, கரையேறி வரும் கடல்நீர். சக்கரம் உள்ள வீட்டில் இருப்பதன் பெரிய நன்மையே கிளம்பிவிட முடிவது. கடலோரத்தில் நீண்ட நிலநடுக்கத்தை உணர்ந்தாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். சாலை நெரிசலாக இருந்தால் வேனை விட்டு நடந்தே.

குழந்தைகளை, நாயை ஐந்து நிமிடம் வேனில் விட்டுப் போகலாமா?

கூடாது. மூடிய வண்டிக்குள் வெயிலில் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். சன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதால் பெரிய மாற்றமில்லை. வெளியே 32 டிகிரி என்றால் உள்ளே என்னவாகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

எரிவாயு அடுப்பு பாதுகாப்பானதா?

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். அதனால்தான் வேனின் அடித்தளத்தில் துளைகள் விட்டிருப்பார்கள். மணலோ பாயோ அவற்றை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் புகைகூட உங்கள் சன்னல் வழியே வரலாம்.

பயணம் முடிந்து வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

அன்றே கழுவுங்கள், மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். மேற்பரப்பைவிட அடிப்பகுதி முக்கியம். சக்கர வளைவுகளின் உட்புறம், பிரேக் பகுதி, கதவுக் கீல்கள், பின்புற இணைப்புக் கொக்கி ஆகியவற்றில் நல்ல தண்ணீரை அதிக அழுத்தமில்லாமல் நீண்ட நேரம் ஓடவிடுங்கள். அதிக அழுத்தத்தில் பீய்ச்சினால் உப்பு நீர் மூட்டுகளுக்குள் இன்னும் ஆழமாகப் போய்விடும். அலுமினியச் சட்டத்தில் எஃகு திருகு போட்ட இடங்களைக் கவனியுங்கள். இரண்டு உலோகங்கள் சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிப்பு வேகமாகும். வெள்ளைப் பொடி தெரிந்தால் துலக்கி, கிரீஸ் தடவுங்கள்.

உள்ளே மெத்தையைத் தூக்கி நிறுத்துங்கள். அதன் அடியில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். பந்தல் துணி ஈரமாகச் சுருட்டியிருந்தால் மீண்டும் விரித்து உலர விடுங்கள். தண்ணீர்த் தொட்டியை வடித்து, குழாய்களைத் திறந்தே வையுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு துணிச் சுருளைச் செருகிச் சற்றுத் திறந்தபடி விடுங்கள். கடைசியாகக் கூரை விசிறியைப் போட்டுவிட்டு, படுக்கை அருகே அந்த ஒரே சன்னலைத் திறந்து, இரண்டு நாள் காற்று ஓடவிடுங்கள்.